மறந்துபோன போஸ்ட்-பங்க் குழுவை மீட்டெடுப்பது எப்படி: ஏழு அங்குலத் தட்டு முதல் மறுவெளியீடு வரை

1978-க்கும் 1984-க்கும் இடையில் மேற்கு நாடுகளில் ஊருக்கு ஊர் போஸ்ட்-பங்க் குழுக்கள், அதாவது பங்க் ராக் அலையைத் தொடர்ந்து வந்த இசைக்குழுக்கள், முளைத்தன. ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு, இரண்டு மூன்று டெமோ கேசட், உள்ளூர்த் தொகுப்பு ஆல்பத்தில் ஒரு பாட்டு, இவ்வளவோடு பல குழுக்களின் கதை முடிந்தது. பெரிய கம்பெனியின் தயவில்லாமல் தட்டுப் போடலாம் என்பதை இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழுவினர் 1977 ஜனவரியில் சொந்த லேபிளில் (தட்டு வெளியீட்டு நிறுவனத்தில்) செய்து காட்டினார்கள். அவர்களின் முதல் அச்சே 1,000 பிரதிதான். பின்னால் வந்த சின்னக் குழுக்கள் அதைவிடக் குறைவாகவும் அச்சிட்டன. அவற்றில் பல இன்று யார் நினைவிலும் இல்லை என்றால் பாட்டு மோசம் என்று பொருளில்லை. தட்டு ஒருவரிடம், போஸ்டர் இன்னொருவரிடம், டேப் மூன்றாமவர் பரணில் என்று சிதறிவிட்டது, அவ்வளவுதான்.

அதைத் திரட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தட்டும் காகிதமும், அடுத்து மனிதர்கள், கடைசியில்தான் டேப். டேப் கைக்கு வந்ததும் போட்டுக் கேட்டுவிட மனசு துடிக்கும். தேறியிருக்க வேண்டிய டேப்புகள் அறுந்ததும் உதிர்ந்ததும் அந்த அவசரத்தில்தான். கீழே வருவதெல்லாம் அந்த அவசரத்தைத் தள்ளிப்போடுவதற்கான வழிமுறை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தட்டைப் படியுங்கள்

ஸ்லீவில் இருப்பதை எல்லாரும் படிப்பார்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிளுக்கும் நடுவே இருக்கும் வழுவழுப்பான வளையத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வேலையில் முதல் துப்பு அங்கேதான் கிடைக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டின் விளிம்பு மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். கீறிய எழுத்துகள் நிழலோடு எழுந்து வரும். முத்திரையாக அடித்த எழுத்து ஒரு வகை, கையால் கீறியது இன்னொரு வகை. இரண்டையும் அதே வரிசையில், அதே இடைவெளியோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அந்த எழுத்துகளில் பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று, லேபிளின் வரிசை எண்ணோடு ஏ அல்லது பி. அதன் பின்னால் 1 என்று இருந்தால் முதல் வெட்டு (அச்சுக்கு மூலமான தட்டில் ஒலிப் பள்ளங்களை வெட்டுவது). 2 அல்லது 3 என்றால் மறுபடி வெட்டியிருக்கிறார்கள், முதல் வெட்டில் ஏதோ கோளாறு இருந்திருக்கலாம். இரண்டு, வெட்டிய பொறியாளரின் கையொப்பம். இங்கிலாந்தில் ஜார்ஜ் பெக்கம் வெட்டிய தட்டுகளில் 'போர்க்கி' என்ற பெயர் கீறியிருப்பது ஊரறிந்த உதாரணம். மூன்று, அச்சகத்தின் அடையாளம். 'எம்பிஓ' என்று கீறியிருந்தால் பிரான்ஸ் நாட்டு அச்சகம். 'எல்ஒய்என்' என்று தொடங்கும் எண் இருந்தால் இங்கிலாந்தின் லிண்டோன் அச்சகம்.

அச்சகத்தின் தொடர் எண் கிடைத்தால் அது பெரிய பிடி. உங்கள் தட்டின் எண்ணுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள எண்களோடு வந்த வேறு தட்டுகளைத் தேடுங்கள். அவற்றில் தேதி தெரிந்த இரண்டு அகப்பட்டால், உங்கள் தட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் அச்சானது. ஸ்லீவில் ஆண்டே போடாத தட்டைக்கூட இப்படிச் சில வாரங்களுக்குள் அடைத்துவிடலாம். அச்சான தேதி வேறு, கடைக்கு வந்த தேதி வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஸ்லீவையும் அலட்சியமாக விடாதீர்கள். ஸ்க்ரிட்டி பொலிட்டி குழுவினர் 1978-ல் தங்கள் முதல் தட்டின் உறையில் ஒலிப்பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவைக் கணக்குப் போட்டே அச்சிட்டார்கள். அந்தக் காலத்துக் குழுக்கள் சிலவற்றுக்கு இது ஒரு கொள்கையாகவே இருந்தது. ஸ்டுடியோவின் பெயர், கடிதம் போட ஒரு முகவரி, போஸ்டர் வரைந்தவரின் முதல் பெயர் என்று எது அச்சாகியிருந்தாலும் அது ஒரு கதவு. 600 டிபிஐயில், சுருக்கமில்லாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். ஜெராக்ஸ் எடுத்து மடித்த உறையாக இருந்தால் விரித்து, உள்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்; மடிப்பில் பென்சில் குறிப்பு ஒளிந்திருக்கும்.

ஆண்டில்லாத போஸ்டருக்கு ஆண்டு கண்டுபிடிப்பது

நிகழ்ச்சி போஸ்டர்களில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. உதாரணத்துக்கு, மார்ச் 14, வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. 1978 முதல் 1984 வரை நாட்காட்டியைப் புரட்டினால் மார்ச் 14 வெள்ளியில் விழுவது 1980-ல் மட்டும்தான். வேலை முடிந்தது. சில தேதிகளுக்கு இரண்டு ஆண்டுகள் பொருந்தும். அப்போது அதே மேடையில் ஏறிய மற்ற குழுக்கள் எந்த ஆண்டில் உயிரோடிருந்தன என்று பார்த்து ஒன்றைக் கழிக்கலாம்.

பழைய செய்தித்தாள்களின் மின்வடிவத்தில் குழுவின் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு அந்த விசித்திரப் பெயர்கள் பிடிபடுவதில்லை. அச்சுக் கோப்பவரே பெயரைத் தப்பாகப் போட்டிருப்பார். குழுவை விட்டுவிட்டு அரங்கத்தின் பெயரைத் தேடுங்கள். மாணவர் சங்கக் கூடம், மதுக்கடையின் மாடி அறை, இளைஞர் மன்றம் என்று அந்த ஊரில் அப்போது கச்சேரி நடந்த ஐந்தாறு இடங்களின் விளம்பரப் பத்தியை வாரம் வாரமாகக் கண்ணால் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

கையால் தைத்து விற்ற ஃபேன்சின்களிலும் (ரசிகர்களே நடத்திய சிற்றிதழ்கள்) தொகுப்பு ஆல்பங்களிலும் ஊர் முழுவதும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கார்டிஃப் நகரத்தின் யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழு வெளியுலகுக்குத் தெரிந்ததே 1979-ல் வந்த உள்ளூர்த் தொகுப்பு ஒன்றின் மூலம்தான். அப்படியொரு தொகுப்பு கிடைத்தால் அதில் உள்ள எல்லாக் குழுக்களின் பெயரையும் பட்டியலிடுங்கள். டிரம்ஸ் வாசித்தவர் மூன்று குழுக்களில் இருந்திருப்பார். நீங்கள் தேடும் ஆளைப் பக்கத்துக் குழுக்காரருக்குத் தெரிந்திருக்கும். இசைக்கலைஞர் கூட்டமைப்புகளும் அப்படித்தான்: மான்செஸ்டரில் 1977-ல் தொடங்கிய கூட்டமைப்பின் மேடையில் தி ஃபால், ஜாய் டிவிஷன் குழுக்களோடு பெயரே நிலைக்காத பலரும் வாசித்தார்கள்.

சேகரித்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். அன்றே அச்சானது, பொருளில் இருப்பது, பின்னாளில் ஒருவர் நினைவிலிருந்து சொன்னது, இந்த மூன்றையும் கலக்கவே கூடாது.

ஆட்களிடம் போவது

முதல் கடிதம் சிறியதாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்தத் தட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், எதற்காக, இவ்வளவு போதும். மறுவெளியீடு, லாபம் என்ற பேச்சை முதல் கடிதத்தில் எடுத்தால் எதிர்பார்ப்பும் சந்தேகமும் சேர்ந்து வந்துவிடும். பதில் வரவில்லையென்றால் சில வாரம் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். அந்த நாட்களை மறக்க விரும்புகிறவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை.

நேரில் பேசும்போது 'உங்கள் இசைக்கு என்ன தாக்கம்' என்று தொடங்கினால் எங்கேயோ படித்த பதில்தான் வரும். ஸ்கேன் செய்த போஸ்டரை முன்னால் வைத்து, 'அன்றைக்கு வேன் யாருடையது?' என்று கேளுங்கள். வேன் வைத்திருந்தவர் வீட்டில்தான் ஆம்ப்ளிஃபயர் இருந்தது, அங்கேதான் டேப் பெட்டியும் தங்கியது. மேடையில் ஒலி பார்த்தவர், படம் எடுத்தவர், கேசட்டைப் பிரதி எடுத்து விற்ற நண்பர் என்று குழுவில் இல்லாதவர்களையும் தவறாமல் கேளுங்கள். பாடகரிடம் இல்லாதது அவர்களிடம் இருக்கும்.

உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தித்த பிறகு ஒன்றாக உட்கார வையுங்கள். முதலிலேயே ஒன்றாக உட்கார்ந்தால் உரக்கப் பேசுகிறவரின் கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். ஆண்டைத் தப்பாகச் சொன்னால் இடையில் திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் அடுத்த கேள்வியிலிருந்து அவர் தயங்குவார்.

டேப்பைக் கைமாற்றும்போது

எத்தனை டேப், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, என்றைக்குத் திருப்பித் தருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், நேரில் போய் எடுத்து வாருங்கள். விமான நிலைய எக்ஸ்ரே டேப்பை அழிக்காது. பயப்பட வேண்டியது காந்தத்துக்கு: ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தால் கெடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டும் ஆகாது.

கேசட்: பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்

கேசட்டை டெக்கில் போடும் முன் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப்பின் நடுவில் ஒரு சின்ன உலோகத் தகட்டின் மேல் ஒட்டிய பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். பழைய பசை காய்ந்து அது விழுந்திருந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டோடு டேப் ஒட்டி ஓடாது. ஒலி மந்தமாகவும் விட்டு விட்டும் வரும். பலர் இதைக் கேட்டுவிட்டு 'டேப் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேப்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து திருகு போட்ட நல்ல கேசட் கூடு ஒன்றை வாங்கி, டேப்பை அதற்கு மாற்றினால் சரியாகிவிடும். திருகில்லாமல் ஒட்டிய கூட்டை விளிம்பில் மெல்லத் திறக்க வேண்டியிருக்கும். டேப்பை விரலால் தொடாமல், பருத்திக் கையுறையோடு செய்யுங்கள்.

இன்னொரு பலவீனமான இடம், முனையில் உள்ள நிறமற்ற நாடாவோடு டேப் ஒட்டியிருக்கும் ஒட்டு. வேகமாகச் சுற்றினால் முனையில் படாரென்று நின்று அறுந்துவிடும். அதனால் ரீவைண்ட், ஃபார்வர்ட் பொத்தான்களைத் தொடாமல் சாதாரண வேகத்திலேயே ஒரு முறை ஓடவிட்டுச் சுற்றுங்கள். சி-120 (120 நிமிட) டேப் 9 மைக்ரான்தான் தடிமன், சி-60 அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லியவற்றுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

டெக்கின் ஹெட்டை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிடுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி தடவினால் ரப்பர் இறுகிப்போகும். அதற்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. ஒலிப்பதிவு செய்த டெக்கின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பலும் ஹை-ஹாட்டும் திடீரென்று திரை விலகியது போலத் தெளியும் ஒரு புள்ளி வரும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதை மறுபடி செய்ய வேண்டும். இங்கே தவறவிட்ட தெளிவை எந்த மென்பொருளாலும் பின்னால் கொண்டுவர முடியாது. ஒருநாள் முழுக்க வேலை செய்தாலும் அதில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம், வீண் போகாது.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி விஷயத்தில் பெட்டிமேல் போட்ட குறியை நம்ப வேண்டாம். டால்பி இல்லாமல் ஒரு முறையும் டால்பி போட்டு ஒரு முறையும் பதிவு செய்யுங்கள். எது இயல்பாக இருக்கிறது என்பதைச் சிம்பலின் தேய்வில் கேட்டுத் தீர்மானிக்கலாம்; டால்பி இல்லாத பதிவை அழிக்கக் கூடாது.

ஒரு கேசட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மெதுவாக, ஒரு ஸ்தாயி கீழே ஓடுகிறதா? திருப்பிப் போட்டால் பின்னிருந்து முன்னாக ஒலிக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையில் இருப்பது நாலு டிராக் மாஸ்டர், அதாவது நான்கு தனித் தடங்களில் பதிந்த மூலப் பதிவு. டியாக் நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ என்ற பதிவுக் கருவி சாதாரண கேசட்டில் நான்கு டிராக்கையும் ஒரே திசையில், நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்தது. சாதாரண டெக் 4.76 சென்டிமீட்டரில் ஓடும், இரண்டு டிராக்கை மட்டும் படிக்கும். பதிந்த அதே வகைக் கருவியைத் தேடிப் பிடியுங்கள். முதல் மாடலில் டால்பி, 1982-ல் வந்த 244-ல் டிபிஎக்ஸ் என்ற வேறொரு இரைச்சல் குறைப்பு முறை. மாறிப்போனால் ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும்.

ஸ்பூல் டேப்

ஸ்டுடியோ மாஸ்டர் கால் அங்குல டேப்பில் இருக்கும். எழுபதுகளின் நடுவிலிருந்து செய்த பல டேப்புகளில், காந்தத் துகளை ஒட்டவைத்த பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஆம்பெக்ஸ் 406, 456 இதற்குப் பேர்போனவை. ஓடவிட்டதும் கீச்சென்று கத்தினால், ஹெட்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டினால், அந்தக் கணமே நிறுத்துங்கள். ஒட்டியது அழுக்கு அல்ல, பாட்டு.

இதற்கு மருந்து சூடு. துல்லியமாக வெப்பம் காக்கும் ஆய்வக இன்குபேட்டரில் 54 டிகிரி செல்சியசில் கால் அங்குல டேப்பைக் குறைந்தது 8 மணி நேரம் வைத்து, நடுவில் ஓரிரு முறை திருப்பி, அதே அளவு நேரம் ஆறவிட்டு, பிறகு ஓட்ட வேண்டும். சமையலறை அவன் கூடவே கூடாது. அதன் வெப்பம் பத்துப் பதினைந்து டிகிரி தாறுமாறாக ஏறி இறங்கும். இந்தக் குணம் சில வாரங்கள்தான் தாங்கும் என்பதால் உடனே பதிந்துவிடுங்கள். ஆனால் அசிடேட் நாடாவில் செய்த பழைய டேப்பைச் சூடாக்கினால் அது ஒழிந்தது. ஸ்பூலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் அசிடேட் ஒளியை ஊடுருவவிடும், பாலியஸ்டர் விடாது. காசில்லாத குழுக்கள் பழைய டேப்பை வாங்கி அதன்மேல் பதிந்ததுண்டு. ஆகவே பார்த்துவிட்டே செய்யுங்கள். கேசட்டைச் சூடாக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும்.

வேகம் சரிதானா?

கிட்டாரின் சுருதியை வைத்து வேகத்தைத் தீர்மானிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் குழுக்கள் ஒருவருக்கொருவர் சுருதி சேர்த்தார்களே தவிர, 440 ஹெர்ட்ஸ் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மின்சார இரைச்சலை நம்புங்கள். பாட்டுகளுக்கு நடுவே உள்ள மௌனத்தில் ஆம்ப்ளிஃபயரின் ஹம் பதிந்திருக்கும்: ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. அலைவரிசைப் படத்தில் அது 51.5-ல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது; கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய பாதி கூட. அந்த விகிதத்தில் குறைத்தால் பாடகரின் குரல் அவருடைய குரலாகிவிடும். ஆனால் முதலில் டேப்பை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். நிறுத்திய பிறகும் 50-ல் கோடு தெரிந்தால் அது உங்கள் வயரிங்கின் ஹம். டேப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டேப்பே இல்லை, தட்டு மட்டும் என்றால்

இரண்டு மூன்று பிரதி திரட்டுங்கள். சுத்தம் செய்து, வெவ்வேறு வடிவ ஊசிகளால் ஓட்டிப் பாருங்கள். பழைய உருண்டை ஊசி பள்ளத்தின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தேய்த்திருக்கும். கூரிய ஊசி அதற்கு மேலோ கீழோ தேயாத சுவரைப் படிக்கும். எந்தப் பிரதியின் எந்தப் பகுதி நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டலாம்.

சத்தம் நீக்கும் மென்பொருளைத் தானாக ஓடவிடுவதுதான் போஸ்ட்-பங்க் பதிவுகளைக் கெடுக்கும் பெரிய தவறு. வெட்டி வெட்டி அடிக்கும் கிட்டாரின் முதல் நொறுங்கலும் மலிவான டிரம் மெஷினின் 'டிக்'கும் அதற்குக் கீறலாகவே தெரியும். பாட்டின் பல்லைப் பிடுங்கிவிடும். கீறல்களைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். டேப்பின் இரைச்சலை அப்படியே விட்டுவிடலாம். மெல்லிய கிட்டார், முன்னால் நிற்கும் பேஸ், எதிரொலி இல்லாத டிரம்ஸ் என்பது அவர்கள் தேர்ந்தெடுத்த ஒலி. அதைக் கொழுக்க வைப்பது நம் வேலை இல்லை.

உரிமை

ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, பாட்டை இயற்றியதன் உரிமை வேறொன்று, உறைப் படமும் புகைப்படமும் மேலும் இரண்டு. லேபிள் மூடிவிட்டது என்பதால் உரிமை காற்றில் கலந்துவிடாது. எல்லா உறுப்பினரிடமும், இறந்தவர் என்றால் வாரிசிடமும், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தெந்தப் பாட்டு, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, யாருக்கு எவ்வளவு பங்கு, மாஸ்டர் யாருடையது. 'எல்லாப் பாட்டும் குழு' என்று மட்டும் உறையில் இருந்தால் சமபங்கு என்று முன்மொழிவதே சண்டையைத் தவிர்க்கும். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கினால், பின்னால் வரும் பணம் சரியான ஆளிடம் போய்ச் சேரும். ஒப்புதல் வரும்வரை ஒரு பாட்டைக்கூட இணையத்தில் ஏற்றாதீர்கள்.

அச்சுக்குப் போகும்போது

33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தட்டின் உள்வட்டத்தில் மேல் ஸ்தாயி மங்கி, கூர்மையான ஹை-ஹாட் கரகரக்கும். அதனால் சிம்பல் மழை பொழியும் பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், மெதுவானதைக் கடைசியிலும் வையுங்கள். காலவரிசைப்படிதான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து நல்ல பாட்டைக் கெடுக்க வேண்டாம்.

சோதனைத் தட்டு வந்ததும் எல்லாப் பிரதியையும் முழுதாகக் கேளுங்கள். எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் சொடுக்கு வந்தால் கோளாறு வெட்டிலோ அச்சிலோ இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். ஒரு பிரதியில் மட்டும் என்றால் அந்தத் தட்டின் குறை. உறுப்பினர் ஒருவரையாவது கூட உட்காரவைத்துக் கேளுங்கள். இடதும் வலதும் மாறியிருந்தால் உங்களுக்குத் தெரியாது, மேடையில் நின்றவருக்குத் தெரியும்.

டேப்பைத் திருப்பிக் கொடுப்பது

ஸ்பூல் டேப்பைச் சாதாரண வேகத்தில் கடைசிவரை ஓட்டி, முனை வெளியே இருக்கும்படி விடுங்கள்; ரீவைண்ட் செய்ய வேண்டாம். இப்படி வைத்தால், அடுக்கிலிருந்து அடுக்குக்குக் கசியும் ஒலி பாட்டுக்கு முன்னால் பேயாகக் கேட்காமல், பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள்: பதிந்த நாள், ஓட்டிய வேகம், டால்பி உண்டா இல்லையா, சூடாக்கினீர்களா, முனை எந்தப் பக்கம். அதனுடன் முழுப் பதிவும் உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து, ரசீதில் குறித்த நாளுக்கு முன்பே, டேப்பைத் தந்தவர் கையிலேயே கொடுங்கள். இன்னொரு பிரதி உங்களிடமும், மூன்றாவது ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ இருக்கட்டும்.